பழைய கான் கார்னெட் வாங்கலாமா? சேகரிப்பை எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் வெள்ளி முலாம் பூசிய பழைய கார்னெட் (டிரம்பெட்டைப் போன்ற, அதைவிடக் கொஞ்சம் குட்டையான பித்தளை ஊதுவாத்தியம்) ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். பெல்லில், அதாவது முன்பக்கம் விரிந்த வாயில், 'சி.ஜி. கான், எல்கார்ட், இண்டியானா, வொர்செஸ்டர், மாசசூசெட்ஸ்' என்று கையால் செதுக்கியிருக்கிறது. விற்பவர் இது உள்நாட்டுப் போர் காலத்துச் சாமான் என்கிறார். வாங்கலாமா, வாங்கினால் பாலிஷ் போடலாமா, இதே தயாரிப்பாளரின் பழைய பேண்டு வாத்தியங்களைச் சேகரிக்க ஆரம்பித்தால் எதைத் தேடுவது? இவ்வளவுதானே கேள்வி.

வாங்கலாம். பாலிஷ் வேண்டாம். உள்நாட்டுப் போர் கதையை நம்ப வேண்டாம். விலையில் அந்தக் கதைக்காக ஒரு தொகை ஏற்றியிருந்தால் அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. கான் என்ற பெயரில் வாத்தியம் எதுவும் அப்போது கிடையாது. இந்தக் கதை அடிக்கடி சுற்றி வருவதற்குக் காரணம், போரில் கான் இருந்தார் என்பது உண்மை. சார்லஸ் ஜெரார்ட் கான் 1844 ஜனவரி 29 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் இண்டியானாவின் எல்கார்டுக்கு வந்துவிட்டது. 17 வயதில், வீட்டில் தடுத்தும் கேட்காமல், 15ஆம் இண்டியானா காலாட்படையில் சேர்ந்து பேண்டில் வாசித்தார். அப்புறம் மிச்சிகனின் ஷார்ப்ஷூட்டர் படையில் கேப்டன் வரை உயர்ந்தார். 1864 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் தாக்குதலில் காயம்பட்டு எதிரிகளிடம் சிறைப்பட்டார். போர் முடிந்து ஊர் திரும்பியதும் அவர் திறந்தது மளிகையும் பேக்கரியும். கூடவே ரப்பர் ஸ்டாம்பு செய்வது, வெள்ளிப் பாத்திரங்களுக்கு மறுமுலாம் பூசுவது என்று சில்லறை வேலைகளும் பார்த்தார். மாலையில் ஊர் பேண்டில் கார்னெட்.

வாத்தியத் தொழிலுக்கு அவரைக் கொண்டுவந்தது ஒரு கிழிந்த உதடு. எப்படிக் கிழிந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. ஊரில் அதிகம் சொல்லப்படுவது மதுக்கடை வாசலில் நடந்த கைகலப்பு. மேலுதட்டில் தழும்பு விழுந்தால் கார்னெட் வாசிப்பவன் பாடு திண்டாட்டம்தான். உதடு அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது, அந்த உதட்டைத்தான் உலோக விளிம்பு அழுத்துகிறது. கையிலிருந்த ஸ்டாம்பு ரப்பரை மவுத்பீஸின், அதாவது உதடு வைத்து ஊதும் பகுதியின், விளிம்பில் ஒட்டிப் பார்த்தார், வாசிக்க முடிந்தது. தையல் மெஷின் சட்டம் ஒன்றைக் கடைசல் இயந்திரமாக மாற்றிக்கொண்டு அதையே விற்பனைக்குச் செய்ய ஆரம்பித்தார். 1875இல் காப்புரிமை கிடைத்தது. 1876 ஜனவரியில், லண்டனில் ஹென்றி டிஸ்டின் என்ற வாத்தியத் தயாரிப்பாளரிடம் வேலை பார்த்த யூஜின் டூபோன் என்ற பித்தளைக் கைவினைஞருடன் கூட்டுச் சேர்ந்தார். கான் பெயர் தாங்கிய வாத்தியங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே 1876க்கு முந்தைய கான் வாத்தியம் என்று யார் விற்றாலும் விற்பவர் சொல்வது தவறு. போர் காலத்து வாத்தியம்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் பாஸ்டனின் ஆலன், ரைட், நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய கிரேவ்ஸ், வொர்செஸ்டரின் ஐசக் ஃபிஸ்க் போன்ற பெயர்களைத் தேட வேண்டும். பின்னால் அணிவகுத்து வரும் படைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பெல்லைத் தோளுக்கு மேலே பின்பக்கமாகத் திருப்பி வைத்த சாக்ஸ்ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியங்கள் அந்தக் காலத்தவை. அவை விலையில் வேறு உலகம். முதல் சேகரிப்பாக நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

சரி, நீங்கள் பார்த்த கார்னெட் எந்தக் காலம்? பெல்லில் இருக்கும் ஊர்ப் பெயர்களே சொல்லிவிடும். கானைச் சேகரிப்பதில் எனக்குப் பிடித்த விஷயமும் இதுதான். மனிதர் விளம்பரப் பிரியர். பெயர், ஊர், கூட்டாளி, காப்புரிமை என்று தன்னைப் பற்றிச் சொல்வதற்கு இருந்ததையெல்லாம் வாத்தியத்தின் மேலேயே செதுக்க வைத்தார். கம்பெனியின் நிலை மாறும்போதெல்லாம் பெல்லில் உள்ள எழுத்தும் மாறியது. 'கான் அண்டு டூபோன்' என்று இருந்தால் அது 1876க்கும், கூட்டு முறிந்த 1879 தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. கான் வாத்தியங்களில் அரிதானவை இவை. எந்த நிலையில் கிடைத்தாலும் யோசிக்காமல் பாருங்கள். டூபோன் பெயர் இல்லாமல் கான் பெயரும் எல்கார்டும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அடுத்த சில வருடங்கள். வொர்செஸ்டர் சேர்ந்திருந்தால் விஷயம் இன்னும் துல்லியமாகிறது.

வொர்செஸ்டர் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 1883 ஜனவரி 29, கானின் 39ஆவது பிறந்த நாள். அன்றைக்கு எல்கார்ட் தொழிற்சாலை எரிந்து போனது. அதே இடத்தில் மறுபடி கட்டினார். மூன்று வருடம் கழித்து, அவர் தொழிலை மாசசூசெட்ஸுக்கு மாற்றப் போகிறார் என்று பேச்சுக் கிளம்பியது. ஊர் பதறி, பணம் திரட்டி அவரைத் தங்க வைத்தது. (அவர் அந்த ஊரின் முன்னாள் மேயர் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தப் பேச்சை யார் கிளப்பியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) தங்கியும் விட்டார், 1887இல் வொர்செஸ்டரில் ஐசக் ஃபிஸ்கின் தொழிற்சாலையையும் வாங்கிவிட்டார். ஃபிஸ்க் 1840களிலிருந்து வாத்தியம் செய்தவர், சுழல் வால்வுகளில் (வால்வு என்பது விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் பொறி) அவர் வேலைக்கு இன்றும் சேகரிப்பாளர்களிடம் தனி மரியாதை உண்டு. வயதாகி ஓய்வெடுக்கும்போது கடையை விற்றார். 1898 வரை கான் அதைக் கிளையாக நடத்தினார். ஆகவே இரண்டு ஊரும் சேர்ந்து இருக்கும் உங்கள் கார்னெட் 1887க்கும் 1898க்கும் நடுவே செய்யப்பட்டது. வொர்செஸ்டர் போய் எல்கார்டோடு நியூயார்க் சேர்ந்திருந்தால் அதற்குப் பிந்தையது. பெயரோடு 'லிமிடெட்' என்று இருந்தால் அது 1915க்குப் பிறகு, கான் தன் கம்பெனியைக் கார்ல் கிரீன்லீஃபிடம் விற்றபின் வந்தது. அது நல்ல வாத்தியமாக இருக்கலாம், ஆனால் 19ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பில் அதற்கு இடமில்லை.

இன்னொரு தடயம் வரிசை எண். கார்னெட்டில் பெரும்பாலும் நடு வால்வின் கூட்டில், அதாவது அதன் வெளி உறையில், குத்தியிருப்பார்கள். எண்ணை வைத்து வருடம் கண்டுபிடிக்கும் பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. ஆரம்ப கால எண்களுக்கு அவை உத்தேசம்தான். தொழிற்சாலை 1910 மே மாதம் இரண்டாவது முறையும் எரிந்தது என்பதை நினைவில் வையுங்கள். பட்டியல் ஒரு வருடமும் பெல்லில் உள்ள ஊர்ப் பெயர் வேறொரு காலமும் சொன்னால் நான் பெல்லைத்தான் நம்புவேன். வரிசை எண்ணின் உண்மையான பயன் வேறு. வால்வுக் கூட்டுக்குள் மேலும் கீழும் ஓடும் மூன்று பிஸ்டன்களையும் கழற்றிப் பாருங்கள். பிஸ்டன்களிலும் எண் இருந்து, அவை கூட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் நல்லது. ஒரு பிஸ்டன் மட்டும் வேறு எண் என்றால், எப்போதோ யாரோ இரண்டு உடைந்த கார்னெட்டிலிருந்து ஒன்றைத் தேற்றியிருக்கிறார்கள்.

இனி எதைத் தேடுவது என்பதற்கு வருகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பளபளப்பைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் அனுபவமானவர்கள் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். 19ஆம் நூற்றாண்டு கார்னெட் தனி வாத்தியமாக விற்கப்படவில்லை, ஒரு தொகுப்பாக விற்கப்பட்டது. டூபோன் கானுக்காக முதலில் வடிவமைத்ததே 'ஃபோர் இன் ஒன்' என்ற கார்னெட்தான். ஒரே உடல், கூடவே வரும் வளைகுழாய்களை மாற்றினால் ஈ ஃபிளாட், சி, பி ஃபிளாட், ஏ ஆகிய நான்கு சுருதியிலும் வாசிக்கலாம். சுருதி ஒரு அரைச்சுரம் இறங்கக் குழாயின் மொத்த நீளம் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும். ஈ ஃபிளாட்டில் கிட்டத்தட்ட ஒரு மீட்டராக இருக்கும் குழாய் ஏ சுருதிக்குப் போகும்போது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தொடுகிறது. முக்கியக் குழாய் நீண்டால் வால்வுகளோடு சேர்ந்த ஸ்லைடுகளும் (இழுத்து நீளத்தை மாற்றும் குழாய்கள்) அதே விகிதத்தில் நீள வேண்டும், இல்லாவிட்டால் வால்வை அழுத்தும் சுரமெல்லாம் தப்பும். ஆகவே முழுத் தொகுப்பு என்றால் பெட்டி நிறையத் துண்டுக் குழாய்கள். நூற்று நாற்பது வருடத்தில் அதில் பாதி தொலைந்திருக்கும். பேரப்பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள், பெட்டி பூச்சி அரித்துக் குப்பைக்குப் போயிருக்கும், எதற்கென்றே தெரியாத குழாயை யாரோ பழைய இரும்புக்காரரிடம் போட்டிருப்பார்கள். அதனால் நசுங்கலும் கறுப்புமாக இருந்தாலும் தன் எல்லாத் துண்டுகளோடும் பெட்டியோடும் வரும் ஃபோர் இன் ஒன், கண்ணாடி மாதிரி மின்னும் வெறும் உடலைவிட எனக்குப் பல மடங்கு உயர்ந்தது. விலையும் அப்படித்தான் போகும்.

சாதாரண பி ஃபிளாட் கார்னெட்டிலும் இதே கதைதான். ஏ சுருதிக்கு நீளமான ஷாங்க், அதாவது மவுத்பீஸைச் செருகும் துண்டுக் குழாய், ஒன்று வரும். வயலின்களும் கிளாரினெட்டும் இருக்கும் குழுவில் வாசிக்க அது தேவைப்பட்டது. நோட்டுத்தாள் பிடிக்கும் சின்னக் கவ்வி, பழைய மவுத்பீஸ், அப்புறம் இரண்டாவது சுருதி ஸ்லைடு. இந்தக் கடைசிச் சாமானைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்து அமெரிக்க பேண்டுகள் இன்றைய சுருதியில் வாசிக்கவில்லை. இன்று ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். அன்று பேண்டுகளின் 'ஹை பிட்ச்' 452 முதல் 457 வரை இருந்தது. வித்தியாசம் ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. பியானோ தயாரிப்பாளர்கள் 1891இல் 435க்கு இறங்கி வந்தார்கள், பேண்டுகள் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. அதனால் கான் உட்படப் பலர் ஒரு வாத்தியத்துக்கு இரண்டு ஸ்லைடு கொடுத்தார்கள். குட்டையானது ஹை பிட்சுக்கு, நீளமானது லோ பிட்சுக்கு. பிந்தைய காலத்தவற்றில் ஹெச், எல் என்ற எழுத்துகள் குத்தியிருக்கும். நீங்கள் வாசிப்பதற்காகவும் வாங்குகிறீர்கள் என்றால் நீளமான ஸ்லைடு இருக்கிறதா என்று கேளுங்கள். குட்டை ஸ்லைடு மட்டும் இருந்தால், அதை எவ்வளவு வெளியே இழுத்தாலும் இன்றைய பியானோவோடு சேருவது கஷ்டம். அலமாரியில் வைக்க மட்டும் என்றால் ஹை பிட்ச் ஒரு குறையே இல்லை, அந்தக் காலத்தின் ஒலியே அதுதான்.

மவுத்பீஸைப் பற்றி ஒரு வார்த்தை. கானின் ரப்பர் விளிம்பு மவுத்பீஸ் தனியாகக் கிடைத்தால் விடாதீர்கள், அந்தக் கம்பெனியே அதிலிருந்து பிறந்தது. ஆனால் அதைக் கார்னெட்டோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. பழைய ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் கெட்டிப்படுத்தினார்கள், அந்தக் கந்தகம் மெல்லக் கசிந்து வெள்ளியைக் கறுக்க வைக்கும். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. ஆகவே பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள், வாத்தியத்தைத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றித் தனியே வையுங்கள்.

இப்போது பாலிஷ். நம் வீட்டுப் பழக்கம் எல்லாருக்கும் தெரியும், பித்தளை என்றாலே புளி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் ஒரு இளஞ்சிவப்பு சாயல் வரும், பார்த்திருப்பீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலம் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தை இழுத்துவிடுகிறது, செம்பு மட்டும் தங்குகிறது. கனமான விளக்குக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கார்னெட்டின் தகடு அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், தாங்காது. இதே நோய் வாத்தியத்துக்குள்ளேயும் இயல்பாக வரும். வாசிப்பவரின் எச்சில் ஈரம் தங்குகிற குழாயில், குறிப்பாக மவுத்பீஸை ஒட்டிய முதல் குழாயில், உள்ளேயிருந்து அரித்து வெளியே இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். அமெரிக்கர்கள் இதைச் 'சிவப்பு அழுகல்' என்கிறார்கள். நடுவே கரும்புள்ளியும் சுற்றி இளஞ்சிவப்பு வட்டமும் இருந்தால் தகடு அந்த இடத்தில் கிட்டத்தட்ட ஓட்டை. நசுங்கலை ஒரு நல்ல பட்டறையில் எடுத்துவிடலாம், இதை எடுக்க முடியாது, குழாயையே மாற்ற வேண்டும். மாற்றினால் அது பாதி அசல்.

கடையில் கிடைக்கும் பித்தளை பாலிஷ் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அதற்கும் பித்தளைக்கும் ஆகாது என்பது வெளிப்பட்டதில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படை, பித்தளைத் தோட்டா உறைகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் உறைகள் தாமாகவே வெடித்திருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், வடிவமைக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் தெளிவாக விளக்கினார்கள். பழைய கார்னெட்டின் வளைவுகளிலும் அப்படிப்பட்ட இறுக்கம் தங்கியிருக்கலாம். ஒருமுறை துடைத்தால் உடனே வெடிக்காதுதான். ஆனால் பற்றவைத்த மூட்டுகளின் இடுக்கில் திரவம் தங்கினால் யாரும் அதைத் துடைத்து எடுக்கப் போவதில்லை.

உங்கள் கார்னெட் வெள்ளி முலாம் பூசியது என்பதால் இன்னும் ஜாக்கிரதை தேவை. முலாம் மிக மெல்லியது, ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் வெள்ளியை எடுத்துக்கொண்டு போகும். கான் வாத்தியங்கள் பலவற்றில் உடல் பளபளப்பாக இருக்காது, மங்கலான சாட்டின் பரப்பாக இருக்கும். பெல்லின் உள்பக்கம் மட்டும் தங்க முலாம். அந்த மங்கல் அழுக்கு இல்லை, தொழிற்சாலையிலேயே மணல் அடித்துச் செய்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி 'ரெஸ்டோர்' செய்தேன் என்று பெருமையாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தேய்த்ததில் சாட்டின் போயிருக்கும், செதுக்கலின் கூர்மையும் போயிருக்கும். செதுக்கல்தான் இந்த வாத்தியத்தின் அடையாள அட்டை என்று மேலே சொன்னேன். விரல்நுனியைச் செதுக்கலின் மேல் லேசாக ஓட்டிப் பாருங்கள். கோடுகளின் விளிம்பு விரலில் தட்டினால் அசல் பரப்பு. வழுவழுவென்று ஓடினால் யாரோ சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள். இன்னொன்று, முலாம் இல்லாத மஞ்சள் பித்தளை கார்னெட் கண்ணாடிப் பூச்சு போட்டது போல மின்னினால் அந்த லாக்கர் 19ஆம் நூற்றாண்டினது ஆகாது. அது எப்போதோ பிற்காலத்தில் மறுபூச்சு வாங்கியிருக்கிறது.

அப்படியென்றால் சுத்தமே செய்யக் கூடாதா? செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஓரிரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, குழாய்க்குள் போகும் நெளிவான பிரஷ், மென்மையான துணி. பிஸ்டன்களைக் கழற்றித் தனியே துடைத்து, வரிசை மாறாமல் எண்ணெய் விட்டுத் திரும்பப் போடுங்கள். ஸ்லைடு இறுகியிருந்தால் குறடு எடுக்காதீர்கள். ஊடுருவும் எண்ணெயை மூட்டில் விட்டு நாள்கணக்கில் காத்திருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பித்தளை வாத்தியப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். பழைய வாத்தியங்களில் நான் பார்க்கும் மோசமான காயங்கள் பெரும்பாலும் குறடு விட்டுப் போனவை, காலம் விட்டவை குறைவு.

வாசிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். வால்வு நன்றாக இருந்தால் வாசிக்கலாம். சோதிக்க எளிய வழி: வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை வெளியே இழுங்கள், பிறகு வால்வை அழுத்துங்கள். 'பக்'கென்று காற்று ஒலித்தால் பிஸ்டனும் கூடும் இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. ஒலி வரவில்லை என்றால் தேய்ந்துவிட்டன, சுரம் காற்றோடு கசியும். பிஸ்டனுக்குப் புதிதாக முலாம் ஏற்றிச் சரிசெய்ய முடியும், ஆனால் அந்தச் செலவு பல சமயம் கார்னெட்டின் விலையைத் தாண்டும். வாசித்தால் முடித்தபின் ஈரத்தை வடித்து உலர்த்திவிட்டுத்தான் வையுங்கள். மவுத்பீஸும் அந்தக் காலத்து ஆழமான கூம்பு வகையாக இருக்கட்டும். இன்றைய டிரம்பெட் மவுத்பீஸை மாட்டினால் சரியாக உட்காராது, ஒலியும் கார்னெட்டின் உருண்டைத்தனத்தை இழந்துவிடும்.

சேகரிப்பாக வளர்க்க நினைத்தால் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். 1876 முதல் 1898 வரை, பித்தளை மட்டும், என்பது ஒரு நல்ல எல்லை. கார்னெட்டில் தொடங்குங்கள்: நிறையச் செய்தார்கள், நிறையத் தப்பியிருக்கின்றன, கானின் 'வொண்டர்' மாடல் கார்னெட் ஒன்று சுமாரான நிலையில் சில நூறு டாலருக்குள் அகப்படும். ஆல்ட்டோ ஹார்ன், பாரிடோன் போன்ற நடுக்குரல் வாத்தியங்களை யாரும் சீண்டுவதில்லை, அதனாலேயே மலிவு. செதுக்கல் வேலை கார்னெட்டுக்குக் குறையாது, பெல் பெரிது என்பதால் சில சமயம் இன்னும் அழகு. டியூபா வகை வேண்டுமென்றால் முதலில் வீட்டில் இடம் பாருங்கள். ஆசைப்படலாம் என்று நான் சொல்லும் பெரிய சாமான் ஒன்றே ஒன்று, இரட்டை பெல் யூஃபோனியம். 1880களின் இறுதியிலிருந்து அமெரிக்க பேண்டுகளில் புழங்கியது. பெரிய பெல் ஒன்று, டிராம்போன் மாதிரி ஒலிக்கும் சின்ன பெல் இன்னொன்று. கூடுதல் வால்வு ஒன்றை அழுத்தினால் ஒலி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். கூட்டம் வாய்பிளந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்தது போல இருக்கும். கானின் குணத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியம் இல்லை.

சூசாஃபோன், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய டியூபா வகை, பக்கம் போகாதீர்கள். பெல் மேலே பார்த்த வகையை 1898இல் கான், பேண்டு தலைவர் ஜான் ஃபிலிப் சூசாவின் குழுவுக்குச் செய்தது உண்மை. அதற்கு முன்பே தான் செய்துவிட்டதாக ஃபிலடெல்ஃபியாவின் ஜே.டபிள்யூ. பெப்பர் கம்பெனி உரிமை கொண்டாடுகிறது. அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் இருந்தாலும், சந்தையில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே 20ஆம் நூற்றாண்டின் பள்ளிக்கூட சூசாஃபோன்கள். சாக்ஸஃபோனும் பித்தளைதான், எல்கார்டில்தான் அமெரிக்காவின் முதல் சாக்ஸஃபோன்கள் 1880களின் இறுதியில் உருவாயின, ஃபெர்டினாண்ட் புஷர் என்ற ஃபோர்மேன் அதில் முக்கியமானவர். ஆனால் அதைச் சேகரிப்பவர்கள் தனிக் கூட்டம், விலையும் தனி, விசை, திண்டு என்று பராமரிப்பும் தனி.

பெயர்களில் சில பொறிகள் உண்டு. கானிடம் வேலை பார்த்துவிட்டு அதே ஊரில் தனியாகக் கடை வைத்தவர்கள் பலர், புஷரே 1890களில் அப்படித்தான் பிரிந்தார். ஆகவே எல்கார்ட் என்று இருந்தாலே கான் என்று முடிவு கட்டாதீர்கள். எல்க்ஹார்ன் என்று இருந்தால் அது விஸ்கான்சின் மாநிலத்து வேறு ஊர், ஹோல்டன் கம்பெனி 1918இல் குடிபோன இடம். அவசரத்தில் படித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். சிகாகோவின் லயன் அண்டு ஹீலி போன்ற பெரிய வியாபாரிகள் ஐரோப்பிய வாத்தியங்களை இறக்குமதி செய்து தங்கள் பெயரைக் குத்தியும் விற்றார்கள். அவை கெட்டவை என்று சொல்லவில்லை, அமெரிக்கத் தயாரிப்பு என்ற விலைக்கு வாங்கிவிடக் கூடாது. வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள, தெற்கு டகோட்டாவின் வெர்மிலியனில் இருக்கும் தேசிய இசை அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பையும் மிச்சிகனில் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தின் தொகுப்பையும் பாருங்கள். தொடாத பரப்பு எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும்.

உங்கள் கார்னெட்டுக்குத் திரும்பினால், விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: செதுக்கல் முழுதும் படிக்கிற மாதிரி பக்கவாட்டு வெளிச்சத்தில் பெல், நடு வால்வுக் கூட்டின் எண், கழற்றி வைத்த மூன்று பிஸ்டன்கள், முதல் குழாயின் அடிப்பக்கம், அப்புறம் பெட்டியைத் திறந்து உள்ளே கிடப்பது அத்தனையும், எதற்கென்று அவருக்கே தெரியாத துண்டுக் குழாய்கள் உட்பட. துண்டுகளைத் தனியாக விற்கிறேன் என்றால் சேர்த்தே விலை பேசுங்கள். அவர் ஏற்கெனவே பாலிஷ் போட ஆரம்பித்திருந்தால், இன்றைக்கே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.